போகும்போது 53, வரும்போது 65: சன்ரூஃப் டிஃப்லெக்டர் மாற்றிய ஒரு நிகழ்வின் ஆய்வு

முறைப்பாடு

"தம்பி, காருக்குள் யாரோ மத்தளம் அடிக்கிறார்கள். ஆனால் சத்தம் கேட்கவில்லை."

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கும் என் கராஜுக்குக் கடந்த ஆண்டு ஜூலை மாதம் வந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் சொன்ன முதல் வசனம் இது. கச்சான் காற்று மணலை அள்ளி வீதியில் கொட்டிக்கொண்டிருந்த நண்பகல். அவருடைய கார் 2014இல் ஜப்பானில் தயாரானது. அங்கே சில ஆண்டுகள் ஓடிய பிறகு இங்கே வந்தது. சற்று உயரமான உடல், கூரையில் கண்ணாடிச் சன்ரூஃப். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இப்படியான கார்களை ஆட்கள் பெட்டகத்து நகையைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். அதிபர் மிதியடிக்கு மேல் இன்னொரு மிதியடி போட்டிருந்தார்.

கேட்காத சத்தம் எப்படி மத்தளமாகும் என்று கேட்டேன். "பதுளைக்குப் பஸ்ஸில் மலை ஏறும்போது காது அடைக்கும், பிறகு திறக்கும் அல்லவா? அது ஒரு செக்கனுக்குள் பல தடவை நடந்தால் எப்படி இருக்கும்? அப்படி. நெஞ்சிலும் தெரிகிறது," என்றார். பின்னால் அமர்ந்திருந்த அவருடைய மனைவி, அவரும் ஓய்வுபெற்ற ரீச்சர்தான், "எனக்குத் தலை சுற்றுகிறது. பேரப்பிள்ளை அழுகிறது. இவருக்கு மட்டும்தான் மத்தளம்," என்று திருத்தினார்.

களுவாஞ்சிகுடியில் வீடு. மகள் பொத்துவிலில். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பயணம். ஏப்ரல் மாதம் தொடங்கிய தொல்லை இது. அதற்குள் நான்கு சக்கரங்களும் பாலன்ஸ் செய்யப்பட்டு, வீல் அலைன்மென்ட் பார்க்கப்பட்டு, முன்சக்கர பெயரிங் இரண்டும் மாற்றப்பட்டு, நான்கு கதவுகளுக்கும் புதிய ரப்பர் போடப்பட்டிருந்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு காது மருத்துவரிடம் போய், காதில் குறை எதுவும் இல்லை என்ற உறுதியையும் பெற்றுக்கொண்டுதான் என்னிடம் வந்தார்கள்.

நானும் முதலில் செய்தது மற்றவர்கள் செய்ததைத்தான். காரை உயர்த்தினேன், சக்கரத்தைச் சுழற்றினேன், நீளமான திருப்புளியின் முனையை பெயரிங் கூட்டில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டேன். வாவிக்குள் துடுப்பை இறக்கி மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்ட ஊர்க்காரனுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெயரிங் புதியது, அமைதியாகச் சுழன்றது. ஒரு மணி நேரம் வீணாயிற்று.

குறிப்பேடு

போகும் முன் அதிபர் ஒரு கொப்பியை நீட்டினார். சிவப்பு மையால் ஓரக்கோடு போட்ட, வரவுப் பதிவேடு போன்ற கொப்பி. திகதி, இடம், வேகம், எந்தக் கண்ணாடி திறந்திருந்தது, குளிரூட்டி போட்டிருந்ததா, உண்டா இல்லையா. முந்தைய கராஜ்களிலும் இதைக் காட்டியிருக்கிறார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. நானும் மரியாதைக்காகத்தான் வாங்கினேன். தேநீர் வரும் வரைக்கும் புரட்டினேன்.

தேநீர் ஆறிப்போனது.

கல்முனை நகருக்குள் இல்லை. சாய்ந்தமருதில் இல்லை. நிந்தவூரில் இல்லை. தம்பிலுவில் தாண்டியதும் உண்டு. கோமாரிப் பக்கம் கடுமை. மகளின் ஊருக்குள் நுழைந்ததும் இல்லை. இந்தப் பாதையை அறிந்தவருக்கு இது ஓர் ஊர்ப் பட்டியலாகத் தெரியாது, வேகமானியாகவே தெரியும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடையும் பள்ளியும் கோயிலும் முச்சக்கர வண்டியும் முடிவதே இல்லை. 40ஐத் தாண்டுவதே பாடு. திருக்கோவிலுக்குத் தெற்கே வயலும் வெளியுமாக வீதி நீள்கிறது, கால் தானாக அழுத்துகிறது. ஆக, குறை வேகத்தோடு ஒட்டியது. இதுவரைக்கும் பெயரிங்காகவும் இருக்கலாம், டயராகவும் இருக்கலாம். முந்தையவர்களைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த நிரலில்தான் கண் நின்றது. மே மாதத்திலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் போகும்போது தொடங்கிய வேகம் 53க்கு அருகில். வரும்போது 65க்கு அருகில். ஒரு தடவை 52, 66. இன்னொரு தடவை 54, 65. ஏப்ரலில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய 59.

"இது ஏன் இப்படி?" என்று கேட்டேன். "தெரியாது தம்பி. என் கண்ணில் பட்டதை எழுதினேன். ஒரு கராஜில் சொன்னபோது, ஐயா வயதானவர், மீற்றரைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டார் என்று உதவியாளிடம் சொன்னது காதில் விழுந்தது," என்றார். மருத்துவர் குறையில்லை என்று சொன்ன அதே காது.

சக்கரத்துக்கு வீதி மட்டும்தான் தெரியும். பொத்துவிலுக்குப் போனாலும் திரும்பி வந்தாலும் 53 என்றால் அதற்கு 53தான். போகும் திசையைப் பார்த்து மாறும் குறை காற்றைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. நம் கரையோர வீதி தெற்கே போகப்போகச் சற்றுக் கிழக்கே சாய்கிறது. களுவாஞ்சிகுடியிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் கார் அந்தக் காற்றைச் சாய்வாக எதிர்கொள்கிறது. வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளுகிறது. 53க்கும் 65க்கும் நடுவே 59. காற்று கூட்டியதும் கழித்ததும் 6. கச்சான் தொடங்காத ஏப்ரலில் அவர் எழுதியிருந்ததும் 59. மீற்றரைத் தவறாகப் பார்க்கிறவரின் கணக்கு இப்படிப் பொருந்தாது.

அதற்குக் கீழே ரீச்சரின் கையெழுத்தில் ஒரு வரி: "பின் கண்ணாடியை நான்கு விரல் இறக்கினேன். நின்றது." அதற்கும் கீழே: "கூரை மூடியிருந்தால் இல்லவே இல்லை."

கூரையில் கண்டது

வெயில் ஊரில் சன்ரூஃப் எதற்கு என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பகலில் திறந்தால் உச்சந்தலை பொரிகிறது. ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு கடற்கரை வீதியில் அதைத் திறந்துகொண்டு போவதில் ஒரு சுகம் இருக்கிறது என்று ரீச்சர் சொன்னார். அதை மறுக்க நான் யார்?

கண்ணாடியைப் பின்னுக்கு ஓடவிட்டு ஏணியில் ஏறிப் பார்த்தேன். திறப்பின் முன் விளிம்பில், நெடுகிலும், கறுப்பு வலை ஒன்று எழுந்து நிற்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை. கையின் அடியில் ஒரு ஸ்பிரிங். கண்ணாடி மூடும்போது கைகளை அழுத்தி வலையை மடக்கிவிடும். திறந்ததும் ஸ்பிரிங் அதைத் தூக்கி நிறுத்தும். பெயர் விண்ட் டிஃப்லெக்டர். உதிரிப்பாகக் கடைகளில் 'சன்ரூஃப் நெட்' என்று கேட்டால்தான் புரியும். பூச்சி உள்ளே வராமல் இருக்கப் போட்ட வலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். என் உதவியாளும் அன்று வரை அப்படித்தான் நினைத்திருந்தான்.

இந்தக் காரில் வலை எழும்பவில்லை. படுத்த நிலையிலேயே, இரண்டு இடத்தில், செப்புக் கம்பியால் நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தது. முறுக்கிய முனைகளைக்கூட உள்ளே மடித்து விட்டிருந்தார்கள். வேலை தெரிந்த கை.

அதிபருக்கு அது நினைவிருந்தது. மார்ச்சில் கூரையைத் திறந்தால் இடது பக்கம் 'கடகட' என்றிருக்கிறது. இரண்டு தடவை கண்ணாடி மூடப்போய் எதிலோ முட்டித் திரும்பவும் திறந்துகொண்டிருக்கிறது. குளிரூட்டிக்கு வாயு நிரப்பப் போன இடத்தில் சொன்னபோது, இடது கை உடைந்திருக்கிறது, பாகம் கிடைக்காது, கட்டிவிட்டால் போதும் என்று கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடகடப்பு நின்றது. கண்ணாடியும் ஒழுங்காக மூடியது. அதனால் அந்த விடயம் தீர்ந்தது என்று கொப்பியில் அவர் எழுதவே இல்லை. அடுத்த தடவை கூரையைத் திறந்துகொண்டு நெடுந்தூரம் போனது ஏப்ரலில். கொப்பி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேட்ட சத்தத்தைக் கட்டிப்போட்டு, கேட்காத சத்தத்தை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள்.

பாகத்துக்கு ஓடுவதற்கு முன் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. அடுத்த நாள் விடியற்காலை, கச்சான் எழும்பாத நேரம், வந்தாறுமூலை தாண்டிக் கிரான் பக்கம் போனோம். நான் ஓட்டினேன், உதவியாள் எழுதினான். 40இல் ஒன்றுமில்லை. 50இல் ஒரு மெல்லிய படபடப்பு. 58இல் தொடங்கி 60இல் முழு வேகத்தில் அடித்தது. அதிபர் சொன்னது மிகையல்ல. என் கண்ணுக்குள் விழி ஆடுவதைப் போல இருந்தது. 70இல் தணிந்தது. நகருக்கு வெளியே கார்களுக்கு 70தான் எல்லை என்பதால் அதற்கு மேல் போகவில்லை. பின் கண்ணாடியை இறக்கினால் நின்றது. கூரையை முக்கால்வாசி மட்டும் திறந்தாலும் நின்றது.

பிறகு ஓரமாக நிறுத்தி, குளிரூட்டிக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பொஞ்ச் உறையில் ஒரு துண்டை வெட்டி, திறப்பின் முன் விளிம்பில் நாடாவால் ஒட்டினேன். உயரம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர். அதே வீதி, அதே 60. ஒன்றுமில்லை. ஸ்பொஞ்சைப் பிய்த்தோம், மத்தளம் திரும்பியது. உதவியாள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அண்ணன், இவ்வளவுதானா?" என்று கேட்டான். அவ்வளவுதான். ஆனால் ஏன் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

போத்தலும் காற்றும்

வெறும் சோடாப் போத்தலின் வாயில் சாய்வாக ஊதினால் 'பூம்' என்று ஒலிக்கிறது. போத்தலுக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். வாயில் இருக்கும் காற்று அதன் மேல் ஆடும் பாரம். எந்தப் போத்தலுக்கும் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. போத்தல் பெரிதாகப் பெரிதாகத் தாளம் மெதுவாகும், ஒலி தாழும். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்காக்கியவர் ஹெர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர். கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை 1851இல் உலகுக்குக் காட்டியவரும் அவர்தான்; காதையும் விட்டுவைக்கவில்லை.

காரும் ஒரு போத்தல். உள்ளே ஏறக்குறைய 3 கன மீற்றர் காற்று. வாய், கூரைத் திறப்பு. இவ்வளவு பெரிய போத்தலின் தாளம் செக்கனுக்கு 20 தடவைக்குப் பக்கத்தில் வருகிறது. மனிதக் காது ஒலியாக உணரத் தொடங்கும் கீழ் எல்லையும் ஏறத்தாழ அந்த 20தான். அதனால்தான் அதிபருக்குக் கேட்கவில்லை, உடம்பில் தெரிந்தது. கேட்காததால் மெல்லியது என்று நினைத்துவிடக் கூடாது. இப்படி அடிக்கும் கார்களுக்குள் அழுத்தம் 100 டெசிபெலைச் சாதாரணமாகத் தாண்டுகிறது.

ஊதுவது யார்? கூரையின் மேல் ஓடும் காற்று திறப்பின் முன் விளிம்பை விட்டு நீங்கும்போது சுருண்டு சுழியாகிறது. சுழி திறப்பின் குறுக்கே மிதந்து பின் விளிம்பில் மோதுகிறது. மோதியதும் உள்ளே ஓர் அழுத்தம். அந்த அழுத்தம் முன் விளிம்புக்கு வந்து அடுத்த சுழியை நேரம் பார்த்துக் கழற்றிவிடுகிறது. சுழி, காற்றின் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில் நகரும். திறப்பின் நீளத்தை அளந்தேன்: 40 சென்ரிமீற்றர். மணிக்கு 59 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 16.4 மீற்றர். பாதி, 8.2. அந்த வேகத்தில் 40 சென்ரிமீற்றரைக் கடக்கும் சுழிகள் செக்கனுக்கு 20க்குச் சற்றுக் கூட. போத்தலின் தாளமும் ஊதுகிறவரின் தாளமும் ஒன்றாகிவிட்டன. 30இல் போனால் செக்கனுக்குப் பத்துச் சுழிதான். ஊஞ்சலைத் தவறான நேரத்தில் தள்ளுவதைப் போல. 90இல் முப்பது; அதுவும் பொருந்தாது.

இந்தக் கணக்கை கராஜ் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினேன். 20 என்று விடை வந்தபோது உண்மையில் எனக்கே கொஞ்சம் அதிர்ச்சி. சுழியின் வேகத்தைப் பாதி என்று எடுத்தது மதிப்பீடுதான், போத்தல் கணக்கும் மதிப்பீடுதான். இவ்வளவு அருகில் விழுந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் கொப்பியிலிருந்த 59ஐ நான் தேடிப் போகவில்லை, அது முதலே அங்கே இருந்தது.

வலை செய்யும் வேலை இனி எளிதாகப் புரியும். அது காற்றைத் தடுப்பதில்லை. ஒழுங்காக உருளும் ஒரு பெரிய சுழியை விளிம்பிலேயே கிழித்து, ஆளுக்கொரு பக்கம் ஓடும் சிறு சுழிகளாக்கி, கொஞ்சம் மேலேயும் தூக்கிவிடுகிறது. ஊதுகிறவரின் உதட்டைக் குலைப்பது மட்டும்தான் அதன் தொழில். பின் கண்ணாடியை இறக்கினால் போத்தலில் ஓட்டை விழுகிறது. ரீச்சர் ஏப்ரலிலேயே கண்டுபிடித்த வைத்தியம் அது. முக்கால்வாசி திறந்தால் வாய் குறுகித் தாளம் மாறுகிறது. சில கார்களில் சன்ரூஃப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் கண்ணாடி முழுதாகத் திறக்காமல் கொஞ்சம் முன்னாலேயே நிற்பதும் இதற்காகத்தான். பலர் அதைப் பழுதென்று நினைத்துக் கொண்டுவருகிறார்கள்.

பாகம்

கல்முனையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, சாசி இலக்கத்தை அனுப்புங்கள். சன்ரூஃப் நெட் என்றால் எல்லாம் ஒன்றில்லை. ஒரே மொடல், ஒரே வருடம், முன்பக்கம் திருத்திய பிறகு வந்ததற்குக் கை வேறு," என்றார். அந்த எச்சரிக்கை பின்னால் எனக்குப் பணத்தை மிச்சப்படுத்தியது. கொழும்பு பஞ்சிகாவத்தையில், கழற்றிய காரிலிருந்து எடுத்த ஒன்று 11,000 ரூபாவுக்கு இருப்பதாகச் சொன்னார். புதியதென்றால் ஸ்பிரிங்குகளோடு 34,000. வருவதற்கு மூன்று வாரம்.

அதிபர் பழையதே போதும் என்றார். பெயரிங்குக்கும் ரப்பருக்கும் ஏற்கெனவே கொடுத்த பணம் அவர் முகத்தில் தெரிந்தது. கூரைக்கு வெளியே ஒட்டும் அக்ரிலிக் தகடு ஒன்றைப் போட்டால் என்ன என்றும் கேட்டார். அதுவும் வேலை செய்யும். ஆனால் நம் வெயிலில் ஒட்டு இளகினால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கழுத்துக்குப் போகும். வேண்டாம் என்றேன்.

இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தது. வலை நல்ல இழுப்பு, கைகளில் வெடிப்பு இல்லை. ஸ்பிரிங் மட்டும் இல்லை.

கழற்றியபோது

கண்ணாடியை முழுதாகப் பின்னுக்கு விட்டு, சாவியை எடுத்து, சன்ரூஃபின் ஃபியூசையும் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தண்டவாளத்துக்குள் விரல் இருக்கும்போது காருக்குள் இருக்கும் பேரப்பிள்ளை பொத்தானை அமுக்கினால் கதை வேறு. இருக்கைகளுக்குத் துணி விரித்து, கூரை விளிம்புக்குக் கடுதாசி நாடா ஒட்டினோம். திருப்புளி வழுக்கினால் பெயின்ட் போய்விடும். அந்தச் செலவு வலையை விடப் பெரியது.

செப்புக் கம்பியை அறுத்ததும் வலது பக்கம் விருட்டென்று எழும்பியது. இடது பக்கம் செத்த பாம்பைப் போலக் கிடந்தது. கையின் அடியிலிருக்கும் முளை முறிந்து, துண்டு குழிக்குள்ளேயே இறுகியிருந்தது. அதைத் தோண்டி எடுக்கப் போனால் குழி விரியும். தையல் ஊசி ஒன்றைச் சூடாக்கித் துண்டுக்குள் இறக்கி, ஆறவிட்டு, மெதுவாக இழுத்தேன். இரண்டாவது முயற்சியில் வந்தது. ஸ்பிரிங்குகளை ஈரத்துணியால் மூடிக்கொண்டு கழற்றினோம். பறந்துபோன ஸ்பிரிங்கைக் கல்லடி மணலில் தேடிய அனுபவம் எனக்கு ஏற்கெனவே உண்டு. சட்டத்தைப் பிடித்திருந்தவை நட்சத்திரத் தலைத் திருகாணிகள், டி-25. அவற்றைச் சாதாரண திருப்புளியால் யாரோ முயன்ற தழும்பும் இருந்தது.

முளை ஏன் முறிந்தது? பதினொரு வருட வெயில் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வலது முளைக்கும் அதே வெயில்தான். இடது தண்டவாளத்தில், கண்ணாடி கையை அழுத்தும் இடத்தில், காய்ந்த கிறீஸும் மணலும் சேர்ந்து ஒரு கட்டி. கண்ணாடி மூடும் ஒவ்வொரு தடவையும் இடது கை நேராக இறங்காமல் அந்தக் கட்டியில் ஏறிச் சற்று முறுகியிருக்கிறது. கட்டிக்குள் சவுக்கு ஊசிகள். "கார் எங்கே நிற்கும்?" என்று கேட்டேன். "வளவில், சவுக்கு நிழலில். தென்னைக்குக் கீழே விட்டால் தேங்காய் விழும் அல்லவா," என்றார் ரீச்சர். நியாயமான யோசனை. யாரும் குறை சொல்ல முடியாது.

சவுக்கு ஊசியைக் கண்டால் அடுத்து வடிகால். சன்ரூஃப் தண்ணீரை முழுதாகத் தடுக்கும் சாமான் அல்ல. ரப்பரைத் தாண்டி வரும் தண்ணீரை ஒரு தட்டு ஏந்தி, நான்கு மூலையிலும் உள்ள குழாய்களால் கீழே விடுகிறது. முன்னிரண்டும் முன்கண்ணாடியின் ஓரத் தூண்களுக்குள் இறங்குகின்றன. ஒவ்வொரு மூலையிலும் கால் கோப்பை தண்ணீர் ஊற்றினேன். மூன்று மூலைகள் குடித்தன. இடது முன் மூலை குளமாக நின்றது. மாரி வந்திருந்தால் அந்தத் தண்ணீர் அதிபரின் மனைவி மடியில் விழுந்திருக்கும்.

இந்த இடத்தில் கொம்பிரசர் காற்றை அடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. செய்யக் கூடாது. குழாய் எங்கோ உள்ளே ஒரு மூட்டில் கழன்றுகொள்ளும். மேலே அடைப்பு நீங்கிவிட்டதென்று தெரியும், கீழே மிதியடி நனையும் வரை யாருக்கும் தெரியாது. புல் வெட்டும் இயந்திரத்தின் நைலோன் நரம்பை முனை மழுக்கி மெல்ல விட்டோம். மணல், ஊசி, ஒரு காய்ந்த எறும்புக் கூடு. பிறகு தண்ணீர் போனது.

தண்டவாளத்தைத் துடைத்துச் சுத்தமான கிறீஸ் மெல்லிதாகப் பூசினேன். ரப்பருக்குச் சிலிக்கன் மட்டும். சாதாரண கிறீஸை ரப்பரில் பூசினால் அது ஊதிப்போகும்.

ஒன்பது நாள்

வலை ஏறியது. காரிலிருந்த ஸ்பிரிங் இரண்டையும் துடைத்து அதற்கே போட்டேன். இடது ஸ்பிரிங்கில் துரு இருந்தது. உடையவில்லை, வளையவில்லை, தூக்கவும் செய்தது. கையால் அழுத்திவிட்டேன், எழும்பியது. ஃபியூசைப் போட்டதும் கண்ணாடி தன் எல்லையை மறந்திருந்தது. பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, அது மெதுவாக ஒரு சுற்றுப் போய் வந்து நினைவைத் திரும்பப் பெற்றது. இந்தக் காருக்கு அப்படி. ஒவ்வொரு காருக்கும் முறை வேறு. கிரான் வீதியில் 60இல் மத்தளம் இல்லை. அதிபர் கைகுலுக்கினார்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். வலையின் இடது பக்கம் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கி, ஒரு சாண் நீளம் கிழிந்திருந்தது.

தவறு என்னுடையது. நிறுத்தி வைத்த காரில் கையால் அழுத்திப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரே உயரம். ஆனால் துருப்பிடித்த ஸ்பிரிங் மெதுவாக எழும்பியது. ஓடும் காரில் காற்று அழுத்த, இன்னும் மெதுவாக. பாதி எழுந்த நிலையில் ரீச்சர் கூரையை மூடத் தொடங்கினால் வலை தளர்ந்து மடிந்து நடுவில் அகப்படுகிறது. உயரத்தை அளந்தேன், வேகத்தை அளக்கவில்லை. கடல் காற்றில் ஸ்பிரிங் எவ்வளவு நாள் தாங்கும் என்று இந்த ஊரில் பிறந்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 23,000 ரூபாவை மிச்சம் பிடிக்க அதிபர் ஆசைப்பட்டார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஸ்பிரிங் இல்லாமல் வந்த பாகத்தைப் பார்த்துவிட்டு மேலும் இரண்டு ஸ்பிரிங் கேட்காமல் விட்டது அவரல்ல.

பழைய பாகத்தின் விலையை நான் ஏற்றுக்கொண்டேன். புதியதுக்கு அன்றே சொன்னோம். இடைப்பட்ட மூன்று வாரமும் கூரையைத் திறக்க வேண்டாம், திறந்தால் பின் கண்ணாடியையும் நான்கு விரல் இறக்கிக்கொள்ளுங்கள் என்றேன். "அது நான் கண்டுபிடித்தது," என்றார் ரீச்சர்.

புதிய பாகம் ஆவணியில் வந்தது. இம்முறை இரண்டு பக்க ஸ்பிரிங்கும் புதியவை. ஸ்பிரிங்குகளின் வால் முனையை அதனதன் பள்ளத்தில் அமர்த்தி, உதவியாள் இடது பக்கமும் நான் வலது பக்கமும் நின்று, ஒரே நேரத்தில் அழுத்தி ஒரே நேரத்தில் விட்டோம். கைத்தொலைபேசியில் மெதுவாக ஓடும் காணொளி எடுத்து இரண்டும் ஒன்றாக மேலே வருவதைப் பார்த்தோம். அடிமட்டத்தால் அளந்தால் இரண்டு பக்கமும் 38 மில்லிமீற்றர். பிறகு கண்ணாடியை இருபது தடவை திறந்து மூடினோம். அதில் பத்து, முழுதாக எழும்ப விடாமல் பாதியிலேயே மூடியது.

பின்தொடர்தல்

கச்சான் இன்னும் ஓயாத ஒரு சனிக்கிழமை, அவர்களோடு நானும் பொத்துவில் வரைக்கும் போனேன். கொப்பி என் மடியில். தம்பிலுவில் தாண்டி 53இல் ஒன்றுமில்லை, 60இல் ஒன்றுமில்லை. 70இல் வலையின் ஊடாக ஒரு மெல்லிய சீறல் கேட்கிறது. அது காதுக்குக் கேட்கும் சீறல், நெஞ்சுக்குப் போவதில்லை. கோமாரியில் அதிபர் வேகத்தைக் குறைத்து, கூட்டி, மறுபடி குறைத்துப் பார்த்தார். "இல்லை," என்று மூன்று தடவை எழுதச் சொன்னார். வரும்போது 65இல் நாலாவது "இல்லை".

மாரி முடிந்து தை மாதம் காரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். நான்கு மூலையும் தண்ணீர் குடித்தன. மிதியடி இரண்டும் காய்ந்திருந்தன. வலை இரண்டு பக்கமும் 38. இடது ஸ்பிரிங்கில் துருவின் நிழல்கூட இல்லை. கார் இப்போது மாமரத்தின் கீழ் நிற்கிறது. மாம்பூ வடிகாலுக்கு என்ன செய்யும் என்பதை ஆனியில் பார்க்க வேண்டும்.

கடந்த வாரம் அதிபர் வேறொரு முறைப்பாட்டோடு வந்தார். பின்பக்கம், இடது சக்கரத்துக்கு அருகே ஓர் உறுமல். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கொப்பியை விரித்தார். "போகும்போது 40, வரும்போதும் 40. காற்று எப்படி அடித்தாலும் 40. இது பெயரிங் தம்பி. நீங்கள் கூரையைப் பார்க்க வேண்டாம்."

பெயரிங்தான்.